பந்த் அன்றும் நின்றவர்

உருப்படாத வேலை என்றார்கள். சொல்லட்டும். நம் வயசுக்காரர்கள் கூடினால் சர்க்கரை அளவும் முட்டிவலியும்தான் பேச்சு. நடுவில் யாராவது, சின்ன வயசில் நீ என்ன செய்தாய் என்று கேட்டால், வெப்சைட் நடத்தினேன் என்பேன். ஓசூரில், பதினைந்து வயசில், ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகு. அதுவும் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் வந்த மூன்று கட்டப் படக்கதைக்காக. சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கும்வரை பேசாமல் இருப்பேன். கேஸ் அடுப்பை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள் நான். இன்றும் எதற்கெடுத்தாலும் படபடப்புதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் குரல் நடுங்காது.

அந்தப் படக்கதையின் பெயர் 'நிற்பவர்'. ஒரு பஸ் நிறுத்தம், அதன் கூரையில் ஒரு ஓடு உடைந்திருக்கும். கீழே மூன்றடுக்கு டிபன் கேரியரோடு ஒருவர் நிற்பார். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருப்பார். வாயே திறக்கமாட்டார். முதல் கட்டத்தில் யாராவது வருவார்கள். இரண்டாவதில் அவரிடம் ஏதாவது புலம்புவார்கள், அல்லது புத்தி சொல்வார்கள். மூன்றாவதில் பஸ் வந்து, வந்தவர் ஏறிப் போய்விடுவார். இவர் நிற்பார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் ஏறமாட்டார். ஏன் என்று வரைந்தவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவின் கம்பெனியில் ஒரு பேப்பரை ஒரு ஷிப்டே படிக்கும். எல்லாரும் படித்து முடித்த பிறகு கடைசிப் பக்கத்தை மட்டும் அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். மெஷின் எண்ணெய்க் கறை படிந்து, அந்த இடத்தில் மட்டும் காகிதம் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் வந்த சினிமா விளம்பரம் இந்தப் பக்கம் நிற்பவரின் முகத்தில் தெரியும். அப்பாவுக்குப் படிப்பு குறைச்சல். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார். இது படம் என்பதால் அவருக்கும் சுலபம். ஒரு விரலை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "இன்னிக்கும் ஏறல பாரு" என்று என்னிடம் நீட்டுவார்.

என் பள்ளிக்கூடக் கதை சின்னது. பரீட்சை என்றால் எனக்கு உள்ளங்கை வேர்த்து விடைத்தாள் நனைந்துவிடும். பதில் தெரியும், கை எழுதாது. ஒன்பதாவது முடிந்ததும் தலைமையாசிரியர் அப்பாவை வரச்சொன்னார். பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டவேண்டும் என்பதற்காக, தேறாது என்று தோன்றும் பிள்ளைகளுக்கு ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்புவார்கள் அப்போது. எங்கள் வகுப்பில் ஐந்து பேர். கம்பெனியின் நீலச் சட்டையிலேயே வந்திருந்த அப்பா, நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"இவளுக்கு எழுத வராதுங்க" என்றார் தலைமையாசிரியர். "பயந்த சுபாவம். தையல் கிளாஸ்ல போடுங்க, பொழச்சுக்குவா."

"சரிங்க சார்" என்றார் அப்பா. படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பத்தாவதுக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த நீள நோட்டுகள் வீட்டில் அடுக்கியிருந்தன. லேபிளில் என் பெயர், வகுப்பு, பாடம் எல்லாம் எழுதியாகிவிட்டது. அம்மா அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அறிவியல் நோட்டில்தான் நிற்பவரைச் சோற்றுப் பருக்கையால் ஒட்ட ஆரம்பித்தேன். அதுவரை பழைய வகுப்பு நோட்டுகளுக்கு நடுவே செருகி வைத்திருந்த அத்தனையையும் ஒட்டினேன்.

வீட்டில் சும்மா இருந்தால் இவள் யோசித்தே வீணாகிவிடுவாள் என்று, அம்மாவின் தம்பி, என் மாமா, தன் கடையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். சிப்காட் போகிற சாலையில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் இருந்த கடை அது. புதிதாக இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஸ்கேனரும் வாங்கிப் போட்டு 'பிரவுசிங் சென்டர்' என்று பலகையில் சேர்த்து எழுதியிருந்தார். எதிரில்தான் அப்பாவின் கம்பெனி பஸ் நிற்கும். பத்து நிமிஷம் முன்னாடியே அப்பா அங்கே வந்து நிற்பார். எனக்குத் தெரிந்து ஒருநாளும் அவர் அந்த பஸ்ஸை விட்டதில்லை. ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வரும் காகிதம் அப்பளம் மாதிரி சூடாக இருக்கும், ஓசூர்க் குளிருக்கு அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன்.

கடைக்கு ஒரு கன்னடக்கார அக்கா வருவார். ஒரு கம்பெனியில் டிராயிங் பிரிவில் வேலை, வெளிநாட்டில் இருந்த அண்ணனுக்கு மெயில் அனுப்ப வருவார். ஒருநாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் சிரித்தார். "நோடு, பாரு, இத நெட்ல போட்டா எல்லாரும் பாப்பாங்க" என்றார். வெப்சைட்டுக்கு இலவசமாக இடம் கொடுக்கும் கம்பெனி ஒன்று உண்டு என்றார். நெட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது எப்படி என்று காட்டினார். துணியைத் திருப்பித் தையலைப் பார்ப்பது போல இருந்தது. தலைமையாசிரியர் சொன்ன தையலை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

நோட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றினேன். திரையில் படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக இறங்கும். முதலில் உடைந்த ஓடு, பிறகு தலை, பிறகு தப்பாய்ப் போட்ட பொத்தான். டிபன் கேரியர் வருவதற்குள் யாராவது வந்து, "மாமாவ கூப்புடு, திருநெல்வேலிக்கு ஒரு கால் போடணும்" என்பார்கள். கடைக்கு ஒரே போன் லைன், நெட்டும் அதில்தான். அவர்கள் ஊருக்குப் பேசினால் என் நிற்பவர் பாதி உடம்போடு நின்றுவிடுவார். தமிழ் எழுத்துக்குத் தனி ஃபான்ட் வேண்டும், அது இல்லாதவர்களுக்குப் பக்கம் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும் என்று அக்கா சொன்னதிலிருந்து அது வேறு கவலை. முதல் பக்கத்திலேயே ஃபான்டை இறக்கிக்கொள்ளும்படி மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணில், நான் வந்துபோனதைக் கழித்துத்தான் நம்புவேன்.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். விருந்தினர் புத்தகம் என்று ஒரு பக்கம் உண்டு, அதில் எழுதுவார்கள். துபாயிலிருந்து ஒருவர், என் அப்பா இதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார் என்று எழுதினார்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்லவேண்டும். கர்நாடக எல்லையில் இருந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எங்களுக்குப் பேப்பர் பெங்களூரில் அச்சாகி வேனில் வரும். தண்ணீர்த் தகராறு, மொழித் தகராறு, ஏதாவது ஒன்றுக்காக அந்தப் பக்கம் பந்த் என்றால் ஜூஜூவாடி செக்போஸ்ட்டோடு எல்லாம் நின்றுவிடும். பஸ் வராது, பேப்பரும் வராது. நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? அன்றைக்குப் பேப்பரே கிடையாது, உலகத்தில் யாருக்கும் கிடையாது, படம் வரைகிறவரும் வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்று. அதனால் அந்த நாட்களுக்கெல்லாம் ஒரு காலிக் கட்டம் போட்டு, 'இன்று பந்த். நிற்பவருக்கும் விடுமுறை' என்று எழுதி வைத்திருந்தேன். மொத்தம் பதினோரு காலிக் கட்டங்கள்.

'மாங்கூழ்' என்ற பெயரில் ஒருவர் விருந்தினர் புத்தகத்தில் எழுதினார்: "கிருஷ்ணகிரியில் எந்த பந்த்துக்கும் அவர் விடுமுறை எடுக்கவில்லையே. எங்களுக்கு சேலம் பக்கத்திலிருந்து பேப்பர் வருகிறது. பதினோரு நாளும் நின்றார். கட்டிங் என்னிடம் இருக்கிறது."

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊர். எனக்கு அவமானமாக இருந்தது. எத்தனையோ பேர் பார்த்துவிட்ட பக்கத்தில் தப்பு எழுதியிருக்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷமும் இருந்தது. அவர் நின்றிருக்கிறார். நாங்கள் பார்க்காத நாளிலும்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு நாள் பந்த் வந்தது. மூன்றாம் நாள் பேப்பர் வந்தபோது நிற்பவர் இருந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம். மறுநாளும் அதுவே. ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. கடைசிக் கதை அந்த இரண்டு நாளில்தான் வந்திருக்கவேண்டும். விருந்தினர் புத்தகத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள். பஸ் ஏறிவிட்டார் என்றார் மாங்கூழ். ஏறினார், கண்டக்டருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார் என்றார் துபாய்க்காரரின் தங்கை. காலிக் கட்டம் இப்போது பதின்மூன்று. கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் அந்தப் பக்கத்தை விடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன்.

அப்போதுதான் பேப்பர் ஆபீசிலிருந்து மெயில் வந்தது. இங்கிலீஷில் இருந்தது, அக்கா படித்துச் சொன்னார். படங்கள் எங்கள் உரிமை, ஒரு மாதத்தில் எடுக்காவிட்டால் நடவடிக்கை.

மாமா உடனே கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். என்னமோ போலீஸ் தெருமுனையில் நிற்பது போல. அன்று மாலையே அப்பாவிடம் சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தாமல், மாங்கூழ் என்று யாரோ ஒரு பையன் தினமும் எழுதுகிறான் என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தார். வயசுப் பெண் கம்ப்யூட்டரில் எழுதினால் அது ஏதாவது பையனுக்குத்தான் இருக்கும் என்பது அப்போதைய பெரியவர்களின் கணக்கு. அம்மா அழுதாள். அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எல்லாத்தயும் எடுத்துரு பாப்பா. கம்பெனிக்குத் தெரிஞ்சா எனக்கும் பிரச்சன ஆவும். நமக்கு எதுக்கு."

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அதே பரீட்சை ஹால் வேர்வை. ஆனால் வார்த்தை வந்தது.

"படம் அவங்களுதுப்பா, எடுத்துர்றேன். நான் பாத்தது என்னுது. அத எடுக்க மாட்டேன்."

அடுத்த மூன்று வாரம் என்ன செய்தேன் என்றால், ஒவ்வொரு படமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதை எழுதினேன். முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். யார் வந்தார், எப்படி நின்றார், நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, எத்தனையாவது பொத்தான் தப்பு. நானூற்றுச் சொச்சம் கதைகள். எண்ணெய்க் கறையால் தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதினேன். எந்தக் கேள்வித்தாளும் இல்லை. கை வேர்க்கவில்லை.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "படமே இல்லாம படக்கதயா? எவன் படிப்பான்?"

"நீங்க ரேடியோவுல ஒலிச்சித்திரம் கேக்கறீங்கல்ல மாமா. அதுல படமா தெரியுது?"

ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் சினிமா வசனத்தை ஒலிச்சித்திரமாகப் போடும்போது போன் பேச வந்தவர்களைக்கூட உஷ் என்று அடக்குகிறவர் மாமா. அதற்குப் பிறகு ஒரு விஷயம் செய்தார். நான் டைப் அடிக்கும் நேரத்தில் போன் லைன் ரிப்பேர் என்று வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

பேப்பர் ஆபீசிலிருந்து மறுபடி எதுவும் வரவில்லை. வார்த்தைக்கு அவர்கள் என்ன நடவடிக்கை எடுப்பார்கள்?

மிச்சம் பதின்மூன்று காலிக் கட்டங்கள். மாங்கூழிடம் கேட்டேன். தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடும், வந்து பாருங்கள் என்று ஆபீஸ் முகவரி கொடுத்தார். போவேன் என்றேன் வீட்டில். அப்பா, நானும் வருகிறேன் என்றார். அந்தப் பையனை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்கத்தான் லீவு போட்டார். சூளகிரி தாண்டும்வரை அவர் தாடை இறுகியே இருந்தது. நான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகவரியை எட்டாவது முறையாகப் பார்த்தேன்.

கிருஷ்ணகிரியில் அது ஒரு மாங்கூழ் ஆலை. சீசன் முடிந்திருந்தும் சுவரெல்லாம் புளித்த மாம்பழ வாசம். எடைமேடைக்குப் பக்கத்துத் தகர அறையிலிருந்து, பெரிய கண்ணாடி போட்ட, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் எழுந்து வந்தார். எடை போடும் கிளார்க். அவர் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்க சார். நிற்பவர் எழுதறது நீங்கதானுங்களா?"

அப்பா பின்னால் ஒரு அடி வைத்தார். "நான் இல்லீங்க. பொண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "இந்தப் பாப்பாவா? நான் யாரோ ரிட்டயர்டு தமிழ் வாத்தியாருன்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தன். அந்தப் பொத்தான எழுதியிருந்தீங்களே, நான் இருவது வருசமா பாக்கறன், ஒரு நாளும் கவனிச்சதில்ல." அதற்குப் பிறகும் கடைசிவரை என்னை நீங்க என்றுதான் பேசினார்.

யாரும் உட்காரச் சொல்லாமலே அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார்.

கட்டிங்குகள் பாலிதீன் கவரில், தேதிவாரியாக இருந்தன. பதினோரு பந்த்தும் சரியாக இருந்தன. பன்னிரண்டாவதும் இருந்தது. கடைசியை அவர் வெளியே எடுக்கும்போது, "இதோ பாருங்க, ஏறிட்டாரு" என்று சொல்லிக்கொண்டேதான் மேஜைமேல் வைத்தார்.

ஏறவில்லை.

மூவரும் குனிந்து பார்த்தோம். முதல் கட்டத்தில் யாரும் வரவில்லை. இரண்டாவதில் பஸ் வந்து நிற்கிறது, உள்ளே ஒருவரும் இல்லை. மூன்றாவதில் பஸ் போன தூசி. அவர் நிற்கிறார்.

கிளார்க் கட்டிங்கைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்பது போல. "ஏறுனாருங்க. என் கண்ணால பாத்தன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அது கடைசி என்று தெரிந்த பிறகு, அவரே மனசுக்குள் நிற்பவரை பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். "ஏறிட்டாருன்னே எழுதிடுங்களேன். படிக்கறவங்களுக்கு ஒரு ஆறுதல். வேற யாருகிட்ட இருக்குது இந்தக் கட்டிங், எங்கிட்டதான்" என்றார்.

அப்பாவும், "ஏத்தி வுட்ருடி. எத்தன வருசமா நிக்கறான், பாவம்" என்றார்.

இரண்டு பெரியவர்கள், நல்லவர்கள், ஒரே குரலில் சொல்கிறார்கள். பள்ளிக்கூட அறையில் இப்படித்தான் இரண்டு பெரியவர்கள் ஒத்துப்போனார்கள், என் நல்லதுக்கென்று.

"மாட்டேன்" என்றேன். "அவரு ஏறணும்னா அவரே ஏறியிருப்பாரு. நாம யாரு ஏத்திவுட?"

நோட்டை எடுத்து அங்கேயே, எடைச்சீட்டுகள் கிடந்த மேஜைமேல், மூன்று கட்டத்தையும் எழுதினேன், பிறகு மற்ற பன்னிரண்டு நாளையும். கிளார்க் ஃபேனை நிறுத்தினார், கட்டிங் பறக்காமல் இருக்க. திரும்பும்போது அப்பா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஓசூர் வரும்போது, "எழுத வராதுன்னாரு அந்தாளு" என்று மட்டும் ஜன்னலுக்குச் சொன்னார்.

மறுநாள் பதின்மூன்றையும் நெட்டில் ஏற்றிவிட்டேன். விடுமுறை என்று எழுதியதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, 'தவறு. பந்த் அன்றும் நின்றார்' என்று சேர்த்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிலர் கோபமாக எழுதினார்கள், ஏமாற்றிவிட்டேன் என்று. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த இலவச இடக் கம்பெனி பிற்பாடு மூடிப்போய், பக்கமும் போய்விட்டது. பிளாப்பிகளில் பூஞ்சை. பத்தாம் வகுப்பு அறிவியல் என்று லேபிள் ஒட்டிய நோட்டு மட்டும் இதோ மடியில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு என்று என் பெயரோடு இருக்கிற ஒரே காகிதம் அது.

அந்தப் பக்கத்தை ஏற்றிய அன்று மத்தியானம் அப்பா கடைக்குள் வந்தார். இரண்டாம் ஷிப்ட், நீலச் சட்டை. வழக்கமாக எதிரில்தான் நிற்பார், உள்ளே வந்ததே இல்லை. எங்கே, காட்டு என்றார். முதல் பக்கத்தைத் திறந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். திரையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது. ஒரு கதைக்கு ஐந்து நிமிஷம் ஆனது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எதிரில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தார்கள். அப்பா நிமிரவில்லை. இரண்டாவது தடவை நீளமாக அடித்தார்கள்.

"மச்சான், பஸ்ஸு" என்றார் மாமா.

அப்பா விரலை எடுக்காமல், "போவட்டும்" என்றார். "ரெண்டாவது கட்டத்துல இருக்கறன்."